கொடுவும் கொடியும்

ஐயா,

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். ஒரே வருடத்தில் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டேன். கூட்டங்களில் நான் 'ஹேளி சார்' (சொல்லுங்கள் சார்) என்றால் மேலாளருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. போன வாரம் அலுவலக வாசலில் நிற்கும் வயதான காவலரை 'இல்லி பா, ஏனு ஹேளு' (இங்கே வா, என்ன சொல்லு) என்று கூப்பிட்டேன். சின்னப் பையனிடம் பேசுவதுபோல் பேசுகிறேன் என்று புகார் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம். தமிழன் என்பதால்தானே இவ்வளவும்?

வாசகர், பெங்களூர்

அன்புள்ள நண்பருக்கு,

இங்கே வந்த புதிதில் மல்லேஸ்வரம் சந்தையில் ஒரு பூக்காரம்மாவிடம் கையை நீட்டி 'கொடு' என்றேன். நம் சொல்தானே என்ற தெம்பு. அவர் பூவைக் கூடையிலேயே வைத்துக்கொண்டு 'கொடி அன்னி' என்றார். 'கொடி' என்று சொல்லுங்கள் என்கிறார். நமக்குப் படர்வதும் பறப்பதும் கொடி. அவர்களுக்கு அது 'கொடுங்கள்'. 'பா' என்றால் வா, 'பன்னி' என்றால் வாருங்கள். (மரியாதைக்குரியவரைப் பன்னி என்றழைக்க முதலில் நாக்கு கூசும். பழகிவிடும்.) நம் 'கொடுங்கள்', 'வாருங்கள்' ஆகியவற்றின் கடைசியில் வரும் 'உங்கள்' செய்கிற வேலையை அங்கே ஓர் இகரம் செய்துவிடுகிறது.

இது தெரியாமல் பேசியிருந்தால் மொழிப்பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் மேலாளரிடம் 'ஹேளி' என்கிறீர்களே! கூட்ட அறையில் இருக்கும் இகரம் வாசலுக்கு வந்ததும் உகரமாகிவிடுகிறது. இதைக் கன்னடத்தில் கற்றிருக்க மாட்டீர்கள், ஊரிலிருந்தே கொண்டுவந்திருப்பீர்கள். என் அப்பாவும் தன்னைவிட மூத்த காவலரை 'வாப்பா' என்றுதான் அழைப்பார்.

அல்சூர் ஏரி அருகே திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறந்தது. இரு மொழிக்காரர்களுக்கும் இடையிலான அந்தக் கசப்பை நானும் மறுக்கவில்லை. காவலரின் வருத்தத்தை மட்டும் அந்தக் கணக்கில் எழுதாதீர்கள். பேரன் வயதுக்காரன் 'இங்கே வா' என்றால் திருநெல்வேலிக்காரருக்கும் முகம் சுருங்கும்.

மின்னஞ்சல் உங்கள் அலுவலகக் கோப்புக்கு. அதை அவர் எங்கே படிக்கப்போகிறார்? திங்கட்கிழமை காலை வாசலில் நின்று 'திண்டி ஆய்த்தா?' (சிற்றுண்டி ஆயிற்றா?) என்று கேளுங்கள். பிறகு 'தப்பாய்த்து, க்ஷமிசி' (தப்பாகிவிட்டது, மன்னியுங்கள்) என்று சொல்லுங்கள். மறந்தும் 'க்ஷமிசு' என்றுவிடாதீர்கள்.