குதிகால் ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு எடை ஊன்றலாம்?

கேள்வி: பெயிண்டர் வேலை பார்க்கிறேன். வயது 42, எடை 64 கிலோ. சாரத்திலிருந்து விழுந்ததில் வலது குதிகால் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். பத்து வாரம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், 15 கிலோவில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றச் சொல்கிறார். அளவு எப்படித் தெரியும்? ஊன்றினால் வலிக்கிறது, பிளேட் உடைந்துவிடுமோ?

பதில்: குதிகால் எலும்பின் உள்பகுதி பஞ்சு போன்றது. உயரத்திலிருந்து விழும்போது அது நசுங்கி, மேலே உள்ள மூட்டுப்பரப்பும் அமுங்கிவிடும். அதைத் தூக்கி நிறுத்தி பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டாலும், எலும்பு கூடும்வரை எடையைத் தாங்காது. இத்தனை வாரம் ஊன்ற விடாததற்குக் காரணம் அதுதான். இப்போது எலும்பு கூடியிருப்பதால்தான் டாக்டர் அனுமதித்திருக்கிறார். சொன்ன அளவைத் தாண்டாதவரை பிளேட்டைப் பற்றிப் பயம் வேண்டாம்.

அளவு தெரிய, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் போதும். வலது காலை மெஷின் மேலும், இடது காலை அதே உயரத்தில் ஒரு பலகை மேலும் வையுங்கள். இரு கைகளாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முள் 15 காட்டும்வரை வலது காலை மெதுவாக அழுத்துங்கள். விரல்களை மட்டும் ஊன்றி ஏமாற்ற வேண்டாம். குதிகாலும் பதிய வேண்டும். தினமும் நடப்பதற்கு முன் சில முறை செய்தால், மெஷின் இல்லாமலே காலுக்கு அந்த அளவு பழகிவிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு கூட்டுவது என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். உடைந்த விதத்தைப் பொறுத்து அது மாறும். 32 கிலோ வந்தால், இரு காலிலும் சமமாக நிற்கிறீர்கள் என்று பொருள். வாக்கரைக் கைவிட அது போதாது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழு எடையும் ஒரே காலில் இறங்கும்.

வலியை எப்படி எடுத்துக்கொள்வது? பத்து வாரம் தரையே தொடாத பாதம், கூசத்தான் செய்யும். அடுத்த நாள் காலையில் பாருங்கள்: வீக்கமும் வலியும் பழைய நிலைக்கு வந்திருந்தால் அதே அளவில் தொடரலாம். வராவிட்டால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். மாலையில் கால் வீங்குவது பல மாதம் இருக்கும். தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஆனால் தையல் போட்ட இடத்தில் நீர், சீழ், சிவப்பு, காய்ச்சல் இருந்தாலோ, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். புண் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் அது கெடுக்கும்.

பலர் கோட்டைவிடுவது பாதத்தின் பக்கவாட்டு அசைவை. ஊன்றுவதிலேயே கவனம் போய், மூட்டு இறுகிவிடுகிறது. உட்கார்ந்தபடி காலை நீட்டி, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதுங்கள். நாளைக்கு நாலைந்து தடவை. அந்த அசைவு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அப்போது சமதளத்தில் நன்றாக நடப்பீர்கள், மேடுபள்ளத்தில் தடுமாறுவீர்கள்.

படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். இந்தியன் டாய்லெட் இப்போதைக்கு வேண்டாம்.

சாரம், ஏணி வேலைக்கு அவசரப்படாதீர்கள். முழு எடையில் நொண்டாமல் நடந்து, வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடிந்த பிறகு டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை தரையில் நின்று செய்யும் பட்டி, பிரைமர் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.