பாதி நாவலோடு ஏஜென்டிடம் போகலாமா?

இரண்டு நாவல்களை முடித்திருக்கிறேன். முடிக்காத மூன்று பீரோவில் கிடக்கின்றன. அந்தத் தகுதியில், நம் வடாற்காடு பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குச் சத்துவாச்சாரியிலிருந்து பதில் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அக்கா, இங்கிலீஷில் நாவல் எழுதுகிறேன். ஆறு அத்தியாயம் ஆகிவிட்டது. ஏஜென்ட் யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அந்தத் தெம்பில் மீதியை முடித்துவிடுவேன். அனுப்பட்டுமா?

வேண்டாம் தம்பி. ஏஜென்ட் என்றால் நம் புத்தகத்தை நமக்காகப் பதிப்பகத்திடம் பேசி விற்றுத் தருகிறவர்கள். முதலில் அவர்கள் கேட்பது ஒரு கடிதம், கதைச் சுருக்கம், தொடக்க அத்தியாயங்கள் சில, அவ்வளவுதான். அது பிடித்துவிட்டால் அடுத்த மெயிலிலேயே ‘முழுசும் அனுப்புங்கள்’ என்பார்கள். அப்போது என்ன அனுப்புவீர்கள்? வாழ்க்கை வரலாறு மாதிரி புத்தகமென்றால் திட்டக் குறிப்பும் மாதிரி அத்தியாயமும் வைத்துப் பேசலாம். முதல் நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைசியில் சொதப்பாமல் முடிப்பீர்களா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: மேடம், ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொருகுகிறது. எழுதும் மூடு எப்படி வரும்?

மூடுக்குக் காத்திருப்பது பாலாற்றில் வெள்ளத்துக்குக் காத்திருப்பது மாதிரி. 2021 நவம்பரில் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை நம்பி யாராவது நாற்று விடுவார்களா?

கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்தில் ஆறு நாள். 50,000 சொல்லுக்கு 28 வாரம். இங்கிலீஷில் 80,000 எதிர்பார்ப்பார்கள், அதற்கு 45 வாரம். தமிழுக்கு அந்த அளவுகோல் வேண்டாம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல்.

என் முதல் நாவல் குழாயடியில் எழுதியது. எங்கள் தெருவில் விடியற்காலையில்தான் தண்ணீர் விடுவார்கள். ஒரு குடம் நிரம்புவதற்குள் நாலு வரி. குடம் மாற்ற எழுந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால், மறுநாள் அந்த அரை வாக்கியத்தை முடிக்கப் போய்த்தான் கை ஓடவே ஆரம்பிக்கிறது. இப்போது வீட்டில் மோட்டார் போட்டாயிற்று. இருந்தாலும் வேண்டுமென்றே பாதி வரியில்தான் நிறுத்துகிறேன். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் உங்களுக்கு அரை மணி கிடைக்காதா?

குடியாத்தம், இல்லத்தரசி: அக்கா, 140ஆம் பக்கத்தில் எட்டு மாதமாக நிற்கிறேன். தினமும் முதலிலிருந்து படித்துத் திருத்துகிறேன்.

அந்தத் திருத்தம்தான் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. முதல் பக்கம் பளபளவென்று ஆகும், 141 வராது. முன்னால் எழுதியதைத் திறக்காதீர்கள். நேற்றைய கடைசி பத்தி மட்டும் போதும்.

நானும் இப்படி நின்றிருக்கிறேன். கதையில் ஒரு சாவு வீடு வர வேண்டும். மேளம், நீர்மாலை, பங்காளிச் சண்டை என்று என்னென்னவோ யோசித்து, மூன்று மாதம் ஒரு வரியும் நகரவில்லை. கடைசியில் ‘இங்கே சாவு வீடு’ என்று ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு, பதினாறாம் நாளுக்குத் தாவினேன். நாவல் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், அந்தக் காட்சியே தேவைப்படவில்லை. பதினாறாம் நாள் பந்தலில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஆற்காடு: ஒருவர் தன்னை ஏஜென்ட் என்கிறார். படித்துப் பார்க்கவே ஐயாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். நல்ல ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகு வரும் பணத்தில்தான் பங்கு எடுப்பார். பெரும்பாலும் நூற்றுக்கு 15, வெளிநாட்டு உரிமை என்றால் 20.

வாணியம்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தமிழ் நாவலுக்கு ஏஜென்ட் யார் அம்மா?

தமிழில் பெரும்பாலும் நாமேதான் ஐயா. பதிப்பகத்துக்கு நேராக அனுப்ப வேண்டியதுதான். பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது ஸ்டாலில் போய்க் கைப்பிரதியை நீட்டாதீர்கள். பில் போடவே அவர்களுக்குக் கை போதாது. அந்தப் பரபரப்பு அடங்கட்டும்.

வேலூர்: எழுத எழுத நண்பர்களிடம் காட்டலாமா?

நான் காட்டுவதில்லை. பாராட்டினால் முடித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது, குறை சொன்னால் பேனா ஓடுவதில்லை. என் நாத்தனார் கதைப் புத்தகமே தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, ‘இந்த வாரம் எத்தனை பக்கம் அண்ணி?’ என்று மட்டும் கேட்பாள். பக்கம் இல்லாத வாரம் போனை எடுக்காமல் இருந்து பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.