ஹாக்வுட்டும் ஒரு சம்பளக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய இசையை அது பிறந்த காலத்து முறையிலேயே வாசிக்க முயன்ற ஆங்கிலேய இசையியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்வுட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய மொஸார்ட் சிம்பனிப் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். சுத்தமாக இருக்கின்றன, ஆனால் மனசில் ஒட்டவில்லை. இசையியலாளர்கள் நூலகத்தோடு நின்றுகொள்ளக் கூடாதா? ஆர்கெஸ்ட்ராவை வேறு நடத்த வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறையில் பாதி எனக்கும் உண்டு. மொஸார்ட்டின் கடைசி சிம்பனிகளில் நின்று நிதானிக்க வேண்டிய இடங்களைக்கூட ஹாக்வுட் சீராகக் கடந்துபோய்விடுகிறார். ஆனால் அங்கே அவர் கையில் நடத்துநரின் கோல் இல்லை. யாப் ஷ்ரோடர் வயலினிலிருந்து வழிநடத்த, ஹாக்வுட் கீபோர்டில் உட்கார்ந்திருந்தார். மொஸார்ட் காலத்து வழக்கம் அது.

நீங்கள் ‘மெசையா’விலிருந்து தொடங்கியிருக்கலாம். கிறிஸ்துவைப் பற்றி ஹேண்டல் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய பாடல் படைப்பு அது. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலின் நிதிக்காக ஹேண்டல் அதை நிகழ்த்திவந்தார். 1754இல் அங்கே வாசித்தவர்களுக்குக் கொடுத்த சம்பளக் கணக்கு இன்றும் இருக்கிறது. 14 வயலின், 6 வயோலா, 3 செல்லோ, 2 டபுள் பாஸ், குழல் வகைகளில் 4 ஓபோ, 4 பாசூன் என்று போகிறது. பாடியவர்களும் கொஞ்சம் பேர்தான். அடுத்த நூற்றாண்டிலோ லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் என்ற பிரம்மாண்டமான கண்ணாடி மண்டபத்தில் ஹேண்டலைப் பாட ஆயிரக்கணக்கானோரை நிறுத்தினார்கள்!

ஹாக்வுட் 1754இன் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். 1980இல் வந்த அந்தப் பதிவில் ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ கோரஸைக் கேளுங்கள். மேல்ஸ்தாயியில் சிறுவர்கள் பாடுகிறார்கள். பிருகாக்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. கீழே பாசூன்களின் கரகரப்பு செல்லோவோடு சேர்ந்து ஓடுகிறது. பெரிய கூட்டம் பாடினால் இதெல்லாம் அமுங்கிப்போகும். இந்தத் துள்ளலை மீட்டுக்கொடுத்தது நூலகம்தான்.

அப்புறம், அவர் ஏட்டோடு மட்டும் வாழ்ந்தவரும் இல்லை. 1941இல் நாட்டிங்ஹாமில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர், பியானோவுக்கு முந்தைய கீபோர்டான ஹார்ப்சிகார்டை வாசித்த கலைஞர். 1967இல் டேவிட் மன்ரோவுடன் ‘எர்லி மியூசிக் கன்சார்ட்’ என்ற பழைய இசைக் குழுவைத் தொடங்கினார். 1973இல் ‘அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்’ என்ற ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார். பிறகு பாஸ்டனின் ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி என்ற இசைக் குழுவுக்குப் பதினைந்து வருடம் தலைமை தாங்கினார். நடுவில் ஹேண்டலின் வாழ்க்கை வரலாறும் எழுதினார். 2014இல் மறையும்வரை வாசிப்பு, பதிப்பு, மேடை மூன்றையும் அவர் விடவில்லை. இவரை நூலகத்தில் உட்காரவைத்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

‘மெசையா’வைக் கேளுங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்