ஜோடி ஓவியம் உண்மையிலேயே ஜோடிதானா?

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஓர் ஏலத்தில் கணவன், மனைவி என்று இரண்டு பழைய உருவப்படங்கள் ஒரே லாட்டாக (ஒன்றாகவே ஏலம் விடும் தொகுதியாக) வருகின்றன. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம், 1630-கள், 'சர்க்கிள் ஆஃப் மிரெவெல்ட்' என்று கேட்டலாக்கில் போட்டிருக்கிறார்கள். மதிப்பீடு 6,000 முதல் 8,000 யூரோ. ஆணின் படத்தில் மட்டும் வயதும் ஆண்டும் எழுதியிருக்கிறது. வீட்டில் மாட்டத்தான் ஆசை. வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பெயரை ஒதுக்கிவைத்துவிடுவோம். மிகீல் வான் மிரெவெல்ட் (1566–1641) டெல்ஃப்ட் நகரத்தவர். டச்சு ஆட்சிக் குடும்பமான ஆரஞ்சு குடும்பத்து இளவரசர்களை வரைந்தவர், பெரிய பட்டறை வைத்திருந்தவர். ஆனால் 'சர்க்கிள் ஆஃப்' என்றால் அவர் காலத்தில் அவருடைய பாணியின் சாயலோடு பெயர் தெரியாத வேறொருவர் வரைந்தது என்றுதான் பொருள். அவர் பட்டறையில் வரைந்தது என்றால் 'ஸ்டூடியோ ஆஃப்' என்று போட்டிருப்பார்கள். அதனால் மிரெவெல்ட் பெயருக்காக ஒரு யூரோகூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். முகங்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதற்காகக் கொடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: இவை பிறந்ததிலிருந்தே ஜோடியா, இல்லை பிறகு யாரோ சேர்த்துவைத்ததா? அந்தக் கால ஹாலந்தில் வசதியுள்ள தம்பதியர் தனித்தனிப் பலகையில் இணைப்படங்கள் வரைவித்துக்கொள்வது வழக்கம். தலைமுறைகள் தாண்டி, பாகம் பிரிக்கும்போது படங்களும் பிரிந்தன. தனியாக நிற்கும் படத்தைவிட ஜோடிக்கு விலை கூடுதல். அதனால் அளவு ஒத்துவருகிற இரண்டு அநாதைப் படங்களுக்கு ஒரே மாதிரிச் சட்டம் போட்டுத் தம்பதியாக்கி விற்பதும் நடந்திருக்கிறது.

உண்மையான ஜோடி ஒன்றோடொன்று பேசும். டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1650-ஐ ஒட்டி வரைந்த ஸ்டெஃபானுஸ் கெரார்ட்ஸ், இசபெல்லா கோய்மன்ஸ் தம்பதியின் படங்களைப் பாருங்கள். அவள் ரோஜா ஒன்றை நீட்டுகிறாள், அவன் வாங்கக் கை நீட்டுகிறான். படங்கள் பிரிந்துவிட்டன. கணவனின் படம் ஆண்ட்வெர்ப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே அவன் கை எதற்காக நீண்டிருக்கிறது என்பது தனியாகப் பார்க்கிறவருக்குப் புரியாது. உங்கள் படங்களில் இவ்வளவு நாடகம் இருக்காது. ஆனால் வழக்கமான அமைப்பு இருக்க வேண்டும்: பார்ப்பவருக்கு இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி, இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கிச் சற்றே திரும்பியிருப்பார்கள். தலையின் அளவு, கண் மட்டம், வெளிச்சம் வரும் திசை, பின்னணி நிறம் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கழுத்துப்பட்டையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 1630-களில் இளையவர்கள் தட்டையான பட்டைக்கு மாறியபோதும் மூத்தவர்கள் மடிப்பு மடிப்பான பெரிய வட்டப் பட்டையை விடவில்லை.

அப்புறம் படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஏலத்துக்கு முன் படங்களைப் பார்க்க விடும் நாட்களில் இப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், ஊழியர்களே எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் காலப் பலகையின் பின்புற ஓரங்கள், சட்டத்தில் உட்கார வசதியாக, பெரும்பாலும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். ஒரு படத்தில் நான்கு ஓரமும் சீவியிருந்து, மற்றதில் ஒரு ஓரம் மொட்டையாக நின்றால், அந்தப் பக்கம் பின்னால் அறுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். துணைக்கு அளவு சேர வேண்டும் என்பதற்காகவே அறுத்திருக்கலாம். மர வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டு பலகையும் ஒரே மரத்தில் அறுத்தவை என்று தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்த விலைப் படத்துக்கு அது பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள், அது ஒரு குறையல்ல.

ஆணின் படத்தில் மட்டும் எழுத்து இருப்பதை நான் கவனமாகப் பார்ப்பேன். 'ஏட்டாடிஸ் சுவே 34' என்று லத்தீனில் இருந்தால் நடப்பு வயது 34 என்று பொருள், அதாவது 33 முடிந்தவர். ஜோடியில் பெரும்பாலும் இருவர் படத்திலும் எழுதுவார்கள். மனைவி படத்தில் இருந்த எழுத்து சுத்தம் செய்யும்போது அழிந்திருக்கலாம், இல்லை கணவன் படத்தில் இருப்பதே பின்னால் சேர்த்ததாக இருக்கலாம். ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். எழுத்தின் வண்ணம் அடியிலுள்ள வண்ணத்தோடு சேர்ந்தே வெடித்திருந்தால் பழையது என்று நம்ப இடமுண்டு. வெடிப்புக்குள்ளே வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ எழுதியது. மூலையில் குலச் சின்னம் இருந்தால் அதற்கும் இதே சோதனைதான். முன்னோர் பெருமைக்காகப் பிற்காலத்தில் சின்னம் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

படம் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறும் முக்கியம். 2023 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸில் ரெம்பிராண்ட் 1635-இல் வரைந்த ஒரு ஜோடி ஏலத்துக்கு வந்தது. லைடன் நகரத்து யான் வான் டெர் ப்ளூய்ம், அவர் மனைவி யாப்கன். சுமார் 20 சென்டிமீட்டர் உயரமே உள்ள குட்டிப் படங்கள். மதிப்பீடு 50 முதல் 80 லட்சம் பவுண்டு, கட்டணம் உட்படப் போனது சுமார் 1 கோடியே 12 லட்சத்துக்கு. 1824-இல் அதே கிறிஸ்டீஸில் விற்ற பிறகு ஒரே குடும்பத்தில் இருந்தவை என்பது ஏட்டில் இருந்தது. உங்கள் ஜோடிக்கு இவ்வளவு கேட்க முடியாது. ஆனால் நாஜிகள் ஆண்ட 1933 முதல் 1945 வரை எங்கே இருந்தன என்று மட்டும் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாம் யூத வணிகர் ஜாக் கௌட்ஸ்டிக்கரின் சேகரிப்பை நாஜித் தலைவர் கோரிங் பறித்துக்கொண்டார், அதில் 202 படங்களை டச்சு அரசு வாரிசுக்குத் திருப்பித் தர 2006 ஆகிவிட்டது. தெரியாமல் அப்படியொரு படத்தை வாங்கி மாட்டினால் உங்களுக்கும் நிம்மதி இருக்காது, உரியவர்களுக்கும் நியாயமாகாது. தி ஹேக்கில் உள்ள ஆர்கேடி (RKD) என்ற கலை வரலாற்று நிறுவனத்தின் படத் தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் படங்கள் எப்போதாவது தனித்தனியாக விற்றிருந்தால் அங்கே தடயம் கிடைக்க வாய்ப்புண்டு.

பலகையில் விரிசல், புழு ஓட்டை, முகத்தில் மறுபூச்சு இவற்றுக்கு நிலை அறிக்கை கேட்டு வாங்குங்கள். புற ஊதா விளக்கில் புதுப் பூச்சு கருந்திட்டாகத் தெரியும். பின்னணியில் இருந்தால் பரவாயில்லை. கண், வாய், கைகளில் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு: சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கட்டணம் உண்டு. பல இடங்களில் 25 முதல் 30 சதவீதம் வரை வரும். 28 சதவீதம் என்றால் 7,000-க்குக் கேட்டது 8,960-இல் நிற்கும். ஓவியர் இறந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ போகும் மறுவிற்பனை உரிமைத் தொகை கிடையாது. வாங்கினால் ரேடியேட்டருக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள், குளிர்கால வறட்சியில் ஓக் பலகை வளையும், வெடிக்கும்.

திருப்பிப் பார்த்ததில் இரண்டும் ஒத்துவந்து, முகங்களும் சுத்தமாக இருந்தால் 7,000 வரை கேட்கலாம் என்பேன். ஜோடி சந்தேகம் என்றால் இரண்டு தனிப் படங்களின் விலைதான், 4,000-க்கு மேல் கையைத் தூக்க வேண்டாம்.