கடற்படைத் தளம் கலைந்த பிறகு மால்டா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் சிங்கப்பூரில் பிரிட்டன் வைத்திருந்த செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். மத்தியதரைக் கடலின் தீவு நாடான மால்டாவில் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் நீர் நிரப்பிப் பந்து விளையாடியதைக் கண்டு மனம் கலங்கியதாக நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ எழுதியிருக்கிறாராமே? அவ்வளவு சோம்பேறிகளா அம்மக்கள்?
– செம்பவாங் வாசகர்

பதில்: அவர் அப்படி எழுதியது உண்மை. 1967 ஜூன் மாத அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு, மால்டாவுக்குக் கப்பல் வரத்து நின்றுபோன சில மாதங்களில் அவர் அங்கே சென்றார். பிரிட்டனின் உதவியை நம்பியே வாழும் பழக்கம் சிங்கப்பூரர்களுக்கு வரக்கூடாது என்ற அவரது உறுதி அங்கே வலுப்பட்டது. நமக்கு அது நல்ல பாடம்தான். ஆனால் அந்தக் காட்சியை வைத்து அம்மக்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிங்கப்பூரில் பாதிகூட இல்லாத, 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவுகளில் ஆறுகள் இல்லை; கனிவளமும் இல்லை. இருந்ததெல்லாம் ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்றே. 1530இல் அங்கு வந்த புனித யோவான் வீரர்கள் என்ற கத்தோலிக்கப் போர்வீரர் சபையினர், ஐரோப்பாவெங்கும் தங்களுக்கு இருந்த நிலங்களின் வருமானத்தைக் கொண்டு கோட்டைகளையும் தலைநகர் வல்லெட்டாவையும் எழுப்பினார்கள். 1798இல் நெப்போலியன் அவர்களை வெளியேற்றினார். தேவாலயச் சொத்துகளைப் பறித்த பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழ, பிரிட்டன் உள்ளே வந்தது. 1869இல் சூயஸ் திறந்ததும் எரிபொருளாக நிலக்கரி நிரப்பிக்கொள்ள வந்த கப்பல்களால் துறைமுகம் செழித்தது. ஆக, யாரோ ஒருவருடைய படைக்கும் கப்பலுக்கும் பணி செய்து பிழைப்பதே தலைமுறை தலைமுறையாக அங்கே பொருளாதாரமாக இருந்தது. படைச்செலவு குறைந்தால் அடுப்பு அணையும். முதல் உலகப் போருக்குப் பின் வேலை குறைந்து ரொட்டி விலை ஏறியபோது, 1919 ஜூன் 7 அன்று வல்லெட்டாவில் திரண்ட கூட்டத்தின்மீது படையினர் சுட்டதில் நால்வர் இறந்தனர்.

இரண்டாம் உலகப் போரின் 1942ஆம் ஆண்டை மறந்துவிட்டு மால்டாவைப் பற்றிப் பேசக்கூடாது. இத்தாலிய, ஜெர்மானிய விமானங்கள் ஓயாமல் குண்டு வீச, உணவும் எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்தன. மக்கள் பொதுச் சமையற்கூடங்களில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கினார்கள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, இயந்திரம் செயலிழந்து மூழ்கும் நிலையிலிருந்த ‘ஒஹாயோ’ எண்ணெய்க் கப்பலை இருபுறமும் போர்க்கப்பல்களோடு கட்டி இழுத்துத் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கப்பல் இடம்பெற்றிருந்த நிவாரணக் கப்பல் அணியை அங்குள்ளவர்கள் இன்றும் அத்திருநாளின் பெயராலேயே அழைக்கிறார்கள். அதற்கு முன்பே ஏப்ரலில், பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கியிருந்தார். அது இன்றும் அவர்களுடைய கொடியில் உள்ளது.

1964இல் மால்டா சுதந்திரம் பெற்றது. 1971இல் மீண்டும் பிரதமரான டோம் மின்டாஃப், தளத்துக்கு உரிய வாடகை தராவிட்டால் வெளியேறுங்கள் என்று பிரிட்டனிடம் கறாராகப் பேசி, 1972இல் ஆண்டுக்கு 14 மில்லியன் பவுண்டுக்கு உடன்பாடு கண்டார். பிரிட்டிஷ் படை வெளியேறிய 1979 மார்ச் 31 வரை கிடைத்த அந்த அவகாசத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியுமா? கப்பல் பட்டறையை அரசு பல்லாண்டுகள் மானியம் கொடுத்துத் தாங்கியது தவறு என்பேன். 2010இல் அது தனியாரிடம் போனது. ஆனால் 1988இல் தொடங்கிய சரக்குப் பெட்டக முனையமும் சுற்றுலாவும் நிதிச் சேவைகளும் நாட்டை நிமிர்த்தின. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது.

நம் தளத்தின் கப்பல் பழுதுபார்ப்புப் பகுதி 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனமாக மாறியபோது, நம்மிடம் மலாயாவின் ரப்பரையும் வெள்ளீயத்தையும் ஏற்றி வளர்ந்த வணிகத் துறைமுகமும் இருந்தது. மால்டாவுக்கு அத்தகைய பின்னிலம் இல்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் இரு நாடுகளையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

கேள்வி: மால்டாவில் இந்தியர்கள் உண்டா?
– ஈசூன் வாசகர்

பதில்: உண்டு. நம் ஹை ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்த சிந்தி வணிகர்களைப் போலவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வல்லெட்டாவில் கடை திறந்தவர்களும் சிந்திகள்தாம். அண்மை ஆண்டுகளில் மருத்துவமனை, உணவகம், பேருந்து என்று பல துறைகளில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள்.