மாதம் 146 டாலரில் பனியாறு

கேள்வி: வணக்கம் சார். டல்லாஸில் இருக்கிறோம். கோவில்பட்டியிலிருந்து அப்பா, அம்மா ஏப்ரலில் வருகிறார்கள். ஜூன் மூன்றாவது வாரம் அவர்களையும் கூட்டிக்கொண்டு அலாஸ்கா போகிறோம். ஃபிளைட், ஹோட்டல், ஏழு நாளைக்கு வாடகைக் கார் எல்லாம் போட்டாயிற்று. ஒரு நாள் மட்டும் பாக்கி. ஆங்கரேஜிலிருந்து காலையில் கிளம்பி, படகில் கிளேசியர் (பனியாறு) பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். விட்டியர் வரை ரயில், அங்கிருந்து படகு என்று ஐந்து பேருக்கும் சேர்த்து (எங்கள் மகளுக்கு எட்டு வயது) 1,520 டாலர் சொல்கிறார்கள். படகு மட்டும் என்றால் பெரியவர்களுக்கு 205, குழந்தைக்கு 130. பணம் கட்டுகிற இடத்திலேயே ‘மாதம் 146 டாலர், 12 மாதம்’ என்று காட்டுகிறது. தவணையில் போகலாமா? இல்லை, அவசரத்துக்கு வைத்திருக்கும் 6,000 டாலரில் கை வைக்கலாமா? போர்ட்டேஜ் ஏரியில் ஒரு மணி நேரப் படகு ஆளுக்கு 55 டாலர்தான், அதுவே போதும் என்கிறாள் மனைவி. சீவர்டுக்குப் போனால் திமிங்கலமும் பார்க்கலாம் என்கிறான் மச்சான்.
– வாசகர், டல்லாஸ்

பதில்: தவணையை முதலில் முடித்துவிடுவோம். 146ஐ 12ஆல் பெருக்கினால் 1,752. அதாவது 232 டாலர் வட்டி. ஒரு பெரியவருக்கான படகு டிக்கெட்டைவிட அதிகம். ஆண்டுக் கணக்கில் 27 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நம் ஊர்ப் பேச்சில் ரெண்டேகால் வட்டி. அப்பாவிடம் “ரெண்டேகால் வட்டிக்கு வாங்கிப் படகு ஏறப்போறோம்” என்று சொல்லிப் பாருங்கள். கோவில்பட்டிக்காரர் படகிலேயே ஏறமாட்டார்.

ஆனால் அந்த 146 டாலரை மாதாமாதம் உங்களால் ஒதுக்க முடியும் என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அதை ஊர் திரும்பிய பிறகு கட்டுவதற்குப் பதில் இப்போதே கட்டத் தொடங்குங்கள், உங்களுக்கே. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, சம்பளம் வந்த மறுநாள் 146. இது நவம்பர். மே வரை ஏழு மாதம், 1,022 டாலர். 1,520க்கு இது எப்படிப் போதும் என்கிறீர்களா? 1,520 தேவையே இல்லை.

படகு மட்டும் நான்கு பெரியவர்களுக்கு 820, குழந்தைக்கு 130, ஆக 950. மிச்சம் 570 ரயிலுக்குப் போகிறது. ரயில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும். கார் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கும். தனியாளாக இருந்தால் ரயிலில் போங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஐந்து பேர், அதுவும் வாடகை கொடுத்த கார் வாசலில் நிற்கும்போது, கணக்கு தலைகீழ். விட்டியர் ஆங்கரேஜிலிருந்து சுமார் 60 மைல். போகவர பெட்ரோலுக்கு 25 டாலர், பார்க்கிங்குக்கு 20 வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதைக்குச் சாதாரண காருக்கு 13 டாலர். போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள், திரும்பும்போது இல்லை. எல்லாம் சேர்த்து 1,008. ரயிலில் காட்சி நன்றாக இருக்குமே என்பீர்கள். டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டித் தண்டவாளமும் சாலையும் பக்கத்துப் பக்கத்தில்தான் போகின்றன. அதே தண்ணீர், அதே மலை. காரில் போனால் பெலூகா பாயிண்டில் நிறுத்தி இறங்கியும் பார்க்கலாம்.

அந்தச் சுரங்கப்பாதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் 950 டாலரும் அதன் வாசலில்தான் மாட்டியிருக்கிறது. ஆன்டன் ஆண்டர்சன் சுரங்கம் என்று பெயர். இரண்டரை மைல் நீளம். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்துக்காக ரயில் போகக் குடைந்தது. கார்களை விட்டது 2000இல்தான். ஒரே ஒரு தடம். அதில் ரயிலும் போக வேண்டும், வருகிற காரும் போகிற காரும் போக வேண்டும். அதனால் முறை வைத்து விடுகிறார்கள்: விட்டியருக்குப் போகிற வண்டிகளுக்கு அரை மணிக்கு, அதாவது 9.30, 10.30, 11.30, வெளியே வருகிறவர்களுக்கு முழு மணிக்கு. கால் மணி நேரம்தான் திறப்பு. தவறவிட்டால் அடுத்த திறப்பு வரை வரிசையில் காரை நிறுத்திவிட்டு, எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

படகு உங்களுக்காகக் காத்திருக்காது. தவறவிட்டவருக்குப் பணமும் திரும்ப வராது. மதியம் 12.30 படகு என்றால் 10.30 திறப்பைக் குறிவையுங்கள், 11.30 கைவசம் இருக்கட்டும். ஆங்கரேஜை விட்டு எட்டே முக்காலுக்குக் கிளம்புங்கள். அந்தச் சாலையில் ஒரு விபத்து நடந்தால் சுற்றிப் போக வேறு வழி கிடையாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் பதினான்கு மாடி பெகிச் டவர்ஸை மகளுக்குக் காட்டுங்கள். விட்டியரில் பாதிக்கும் மேற்பட்ட ஜனங்கள் அந்த ஒரே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இனி மச்சான் சொன்ன சீவர்ட். ஊரில் குறை இல்லை. ஆனால் அங்கிருந்து பனியாறு பார்க்கப் போகும் படகு ரெசரெக்‌ஷன் விரிகுடாவைத் தாண்டி அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலுக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். சில வருடங்களுக்கு முன் மாமனாரை அப்படி ஒரு படகில் கூட்டிக்கொண்டு போனேன். திமிங்கலம் வந்தது, உண்மைதான். மாமனார் அப்போது காகிதப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்த காசில் பாதி அந்தப் பைக்குள்ளேயே போய்விட்டது. விட்டியர் பக்கத்து பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்கிற உள்கடல் அப்படியல்ல. மான்டேக், ஹின்சின்புரூக் தீவுகள் கதவு மாதிரி குறுக்கே நின்று வெளிக்கடல் அலையைத் தடுத்துவிடுகின்றன. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு 205 டாலரில் முதலில் கிடைப்பது இந்த அசையாத தண்ணீர்தான், பனி அப்புறம்.

உங்கள் மனைவி சொல்லும் போர்ட்டேஜ் மலிவு, மோசமும் இல்லை. ஆனால் ஒரு விஷயம்: அந்த ஏரிக்கரையில் 1986இல் பனியாற்றைப் பார்ப்பதற்கென்றே ஒரு பார்வையாளர் மையம் கட்டினார்கள். பனியாறு பின்வாங்கி மலைமுனைக்குப் பின்னால் போய்விட்டது. இன்று அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிதான் தெரியும். படகேறினால் மட்டுமே முகம் பார்க்கலாம். அம்மாவால் ஐந்தாறு மணி நேரம் உட்கார முடியாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்கே போங்கள். ஐந்து பேருக்கு 275 டாலர், சுரங்கப்பாதையும் வேண்டாம். உட்கார முடியும் என்றால் விட்டியர்தான். இவ்வளவு தூரம் போய், ஃபிளைட்டுக்கு அத்தனை கொடுத்த பிறகு, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் படகு அல்ல.

விளம்பரத்தில் போடும் பனியாறுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பாதி தூரத்து மலையில் வெள்ளைத் துண்டு காயப்போட்ட மாதிரி தெரியும். மனதில் நிற்பது ஒன்றோ இரண்டோதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, பனியாறு கடலில் முடியும் முகப்புக்கு எதிரே தள்ளி நிற்பார்கள். நீலச் சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமில்லாமல் சரிந்து விழும். ‘என்ன, சத்தமே வரலையே’ என்று நினைக்கும்போதுதான் இடி வந்து சேரும். மிதக்கிற பனித்துண்டுகள் ஐஸ் போட்ட சோடா மாதிரி படபடவென்று பொரியும். பல்லாயிரம் நாள் அழுந்திக் கிடந்த காற்றுக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. பெரிய முகப்புகள் வேண்டாம், நேரம் குறைந்தால் போதும் என்றால் பிளாக்ஸ்டோன் விரிகுடாவுக்கு மட்டும் போய்வரும் படகுகளையும் விசாரியுங்கள். இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.

டிக்கெட்டை ஏப்ரல் கடைசியில், வாரநாளாகப் பார்த்து, பாக்கி ஏதும் இல்லாத கிரெடிட் கார்டில் எடுங்கள். பில் மே மாதம் வரும். அதற்குள் ஏழாவது 146 கணக்கில் விழுந்திருக்கும், முழுதாகக் கட்டிவிடலாம். டெபிட் கார்டு வேண்டாம். சேவை கிடைக்காமல் போனால் கிரெடிட் கார்டில் தகராறு செய்து பணத்தை மீட்பது சுலபம். எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பதை மட்டும் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள். படகு நாளைக் கடைசி நாளில் வைக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் வைத்தால், காற்று பலமாக அடித்து அவர்களே ரத்து செய்தாலும் மாற்று நாள் கையில் இருக்கும்.

மழைக்கு ரத்து ஆகாது. விட்டியரில் ஆண்டுக்குச் சுமார் 5,000 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைப்போல மூன்று மடங்குக்கு மேல். மழைக்குப் பயந்து நீங்கள் வராமல் இருந்தால் நஷ்டம் உங்களுடையது. மேகமூட்டத்தில் பனியின் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பது தனிக் கதை. குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுங்கள். ஒரு நாளைக்காகக் குழந்தைக்கு 120 டாலர் ஜாக்கெட் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள்.

6,000 டாலரைத் தொடாதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதச் செலவுக்குக்கூடக் காணுமா என்பது சந்தேகம். அதைவிட நான் கவலைப்படுவது பெற்றோரின் காப்பீட்டைப் பற்றி. விசிட்டர் பாலிசிகளில் மலிவானவை ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கும். மீதி உங்கள் தலையில். அலாஸ்காவில் பெரிய மருத்துவமனை என்றால் ஆங்கரேஜ்தான். நடுவில் ஏதாவது ஆனால் ஹெலிகாப்டர் வரும், அதன் பில் படகுச் செலவைப் போல் பல மடங்கு. அவசர இடமாற்றச் செலவு பாலிசியில் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றினால் கொடுப்பார்களா என்று இரண்டே கேள்வியை ஏப்ரலுக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. படகில் சைவம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆங்கரேஜ் ஹோட்டல் அறையில் அம்மா கிளறும் புளியோதரையை டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள், படகில் கொண்டுவர அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு. இல்லை என்றால் சுரங்கப்பாதைக்கு முன் காத்திருக்கும் நேரத்தில் காரிலேயே காலி செய்துவிடலாம்.