கம்பும் வகுப்பறையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சேலம் அம்மாப்பேட்டையைச் சேர்ந்தவன். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சிறுவயதில் எங்கள் ஊரின் குகை என்னும் பகுதியில் ஓர் ஆசானிடம் சிலம்பம் கற்றேன். முதல் ஆறு மாதம் அவர் கம்பைத் தொடவே விடவில்லை; காலடி மட்டும்தான். இப்போது சனி, ஞாயிறு காலைகளில் மைதானத்தில் எழுபது பிள்ளைகளுக்கு நான் ஒருவனே கற்றுத்தருகிறேன். பெற்றோர் மூன்றாம் மாதமே போட்டி, சான்றிதழ், பெல்ட் என்று கேட்கிறார்கள். ஆறு மாதம் காலடி என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கராத்தே வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். தலைக்கவசம் போட்டுப் போட்டிக்கு மட்டும் பழக்கினால் பழைய அசைவு வரிசைகள் மறந்துபோகின்றன. எங்கள் ஆசான் அடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார், அதனால்தான் நாங்கள் உருப்பட்டோம். இன்று ஒரு பிள்ளையைக் கடிந்து பேசவும் சட்டம் தடுக்கிறது. பள்ளியிலும் இதே கதைதான், ஆண்டுக்கொரு புதுத் திட்டம். மரபை அப்படியே காப்பதா, காலத்துக்கு ஏற்ப மாற்றுவதா? பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கலாமா? காணொளி வழியே கற்பிப்பது சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பதில் எழுதாமல் விடும் கடிதங்களே என்னிடம் அதிகம். உங்களுக்கு எழுதத் தூண்டியது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒரு செய்தி. எழுபது பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவரே கற்றுத்தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. எங்கும் உள்ள இயல்பான நிலவரம் என்பதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். சில மாதங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் எண்ணம் அந்த வரியில் வந்து முட்டியது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தலைக்கவசம் அணியட்டும், போன கண்ணை எந்த ஆசானாலும் திருப்பித்தர முடியாது. ஏற்கெனவே கற்ற வரிசையை நினைவூட்டிக்கொள்ளக் காணொளி உதவும், ஆனால் எதிராளியின் கம்பு தன் தலைக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை அது யாருக்கும் கற்பிக்காது. பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டாம். காரணம் பின்னால் வரும். பெல்ட் கேட்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். கீழை நாடுகளின் பழம்பெரும் மரபு என்று அவர்கள் எண்ணும் அந்த மஞ்சளும் பச்சையும் நீலமும் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் ஜூடோ கற்றவர்களிடையே பரவியவை. அவற்றைக் கட்டிக்கொள்வதால் பிள்ளைக்கு ஒரு கேடும் வராது.

அடியைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. ஆசான் அடித்ததால்தான் உருப்பட்டோம் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு கட்டாயம் சொல்லாதீர்கள். அடி தாங்காமல் முதல் மாதமே ஓடிப்போனவர்களை உங்கள் கணக்கில் நீங்கள் சேர்க்கவில்லை. அவர்கள் ஆசானின் படத்துக்கு மாலை போட வருவதில்லை, எனக்குக் கடிதமும் எழுதுவதில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை இருந்ததே, அதையும் மரபென்று காத்துவிடலாமா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் வந்ததால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் தொனி எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. உங்கள் ஆசான் அடித்தபோதும் நீங்கள் கற்றிருக்கலாம். அடித்ததால் கற்றீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு சான்றும் இல்லை.

மரபா, மாற்றமா என்ற பெரிய கேள்விக்கு வருகிறேன். ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இலேயே இதற்கு நடைமுறையில் விடை கண்டுவிட்டார். அவர் தொழிலால் ஆசிரியர், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர். ஜுஜுட்சு என்னும் மல்யுத்தக் கலையின் இரண்டு பழைய மரபுகளை முறையாகக் கற்றவர். உயிருக்கும் எலும்புக்கும் ஆபத்தான பிடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து எடுத்து, அவை அழிந்துவிடாதபடி கட்டா என்னும் ஒழுங்குபடுத்திய வரிசைகளில் வைத்துக் காத்தார். ஆபத்து விலகியதால் மாணவர்கள் நாள்தோறும் முழு வலுவோடு மோதிப் பழக முடிந்தது. 1964இல் ஒலிம்பிக்குக்குப் போன ஜூடோ இப்படித்தான் உருவானது. நீங்களும் போட்டிப் பயிற்சிக்கு ஒரு நேரம், பழைய வரிசைகளுக்கு ஒரு நேரம் என்று பிரித்துவையுங்கள். இந்தக் கேள்வியில் இதற்கு மேல் எனக்கு ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வமுள்ளது கராத்தேயின் கதை. ஒகினாவாத் தீவில் அது ஓர் ஆசானிடம் ஒரு சிலர், வீட்டு முற்றத்தில், பெரும்பாலும் மறைவாகக் கற்றுக்கொண்ட கலை. இடோசு அன்கோ என்ற முதியவர் 1901இல் அதை ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுசென்றார். பிள்ளைகளுக்கு ஏற்றபடி பழைய நீண்ட வரிசைகளிலிருந்து பினான் எனப்படும் ஐந்து எளிய வரிசைகளை அமைத்தார். 1908இல் கல்வித் துறைக்கு எழுதிய கடிதத்தில், இக்கலை படைக்கு ஆள் சேர்ப்பதற்கும் பயன்படும் என்று குறிப்பிட்டார். அவருடைய நோக்கத்தில் நான் குறை காணவில்லை. அவர் அதைச் செய்திராவிட்டால் உங்கள் பக்கத்துத் தெருவில் கராத்தே வகுப்பு இருந்திருக்காது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்த கலை பள்ளியின் உருவத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், முன்னால் ஒருவர் எண்ணினார், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே குத்தை விட்டார்கள். இன்று நம் ஊர்களில் இச், நி, சான் என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கேட்கும் அந்த ஓசையைத் தொன்மையான போர்க்கலையின் ஓசை என்று நினைக்கிறோம். அது பள்ளியின் உடற்பயிற்சி மைதானத்திலிருந்து போர்க்கலைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது சிலம்பத்தின் முறை. விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு வேலை ஒதுக்கீட்டில் அது சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் நான் பார்க்கும் சிலம்ப வகுப்புகளில் எல்லாம் பிள்ளைகள் வயதுவாரியாக வரிசையில் நிற்கிறார்கள், முன்னால் ஒருவர் எண்ணுகிறார். மரபு காக்கப்படுவதாகச் சொல்லி வேட்டி கட்டுகிறோம், ஆசானை வணங்குகிறோம், தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மரபில் உண்மையாகவே கற்பித்த ஒன்று இருந்தது. அதைத்தான் சந்தடியில்லாமல் கைவிட்டுவிட்டோம்.

எனக்குக் கம்பு பிடிக்கக் கற்றுத்தந்தவர் யார் என்று கேட்டால் ஆசானின் பெயரைச் சொல்வதுதான் மரியாதை. நடந்தது வேறு. தறிகள் ஓயும் மாலை நேரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் நாங்கள் கூடுவோம். மீசை நரைத்தவர்களும் பால் பல் விழாதவர்களும் ஒரே மண்ணில் நின்றார்கள். ஆடி மாத மாரியம்மன் பண்டிகை நெருங்கினால் கூட்டம் இரட்டிப்பாகும். ஆசான் ஒரு கல்லில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்; அதிகம் பேசமாட்டார். புதிதாக வந்தவனை அவனுக்கு ஓராண்டு முன்னால் வந்தவனிடம் ஒப்படைத்துவிடுவார். என்னை ஒப்படைத்தது என்னைவிடச் சற்றே மூத்த, தறிக்காரர் மகன் ஒருவனிடம். என் கணுக்காலைக் கையால் பிடித்துத் திருப்பி வைத்தவன் அவன். என் இடது குதிகால் தரையைவிட்டு எழுவதைக் கண்டால் ஆசான் என்னை ஒன்றும் சொல்லமாட்டார். அவனைக் கூப்பிட்டு, அதே காலடியை அவனைச் செய்துகாட்டச் சொல்வார். அவன் குதிகாலும் எழும். பிழை அவனிடமிருந்துதான் எனக்கு வந்திருந்தது. அவன் எதை அரைகுறையாகக் கற்றிருக்கிறான் என்பதை ஆசான் என் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொண்டார். திருத்தியபின் அவனை என்னிடமே திருப்பி அனுப்புவார், இருவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். அவனுக்கு என் மேல் கோபம் வரும்; இருந்தாலும் மறுநாளும் அவனிடம்தான் நான் போயாக வேண்டும்.

உங்கள் ஆறு மாதக் காலடி அந்த மண்ணில் ஏன் சலிக்கவில்லை என்பதும் இதனால் விளங்கும். வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஓராண்டு மூத்தவன் கம்பு சுற்றிக்கொண்டிருந்தான்; தான் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்பது அவன் கண்ணெதிரே இருந்தது. உங்கள் மைதானத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை எல்லாம் ஒரே கூட்டமாக நிறுத்தி ஆறு மாதம் கால் மாற்றச் சொன்னால், என் பேரப்பிள்ளையாக இருந்தாலும் கராத்தேக்குத்தான் போவான்.

இனி பள்ளி. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணவன், சின்னவர்களை மணலில் எழுதவைப்பவன், வாய்பாட்டை முன்சொல்பவன். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையைக் கொடுத்தார். 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆனால் அங்கே அந்த முறை ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாகச் சுருங்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் கட்டளையிட்டு நடத்தும் கவாத்தாக மாறியது. 1846இல் மாணவ ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்றும் ஏற்பாடு வந்ததும் அது பின்னுக்குப் போயிற்று. பிறகு நமக்கு வந்து சேர்ந்த நவீனப் பள்ளியில் ஆறு வயது ஆறு வயதோடும், ஏழு வயது ஏழு வயதோடும் மட்டுமே உட்கார்ந்தன. அந்த அறையில் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் நாற்பது பேர். இடையில் ஒருவருமில்லை.

பழம்பெருமை பேசுபவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே குதிக்க வேண்டாம். 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அப்போது சேலத்தில் ஆட்சியராக இருந்தவர், ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு வந்தது. அந்த எண்ணை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அதே கணக்கில், ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு எதிரே பெண் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை. எந்தெந்தச் சாதிப் பிள்ளைகளால் அந்தத் திண்ணையில் ஏறவே முடியவில்லை என்பதையும் சொல்வதில்லை. சட்டாம்பிள்ளை முறையை மீட்க விரும்புகிறவன் அதை எல்லாரும் நிற்கும் மண்ணில்தான் மீட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டாம் என்றது இதனால்தான். மூன்றாம் ஆண்டு பயிலும் ஒரு பெண் புதிதாக வந்த பையனின் பிடியைத் திருத்தட்டும்.

ஏற்காட்டுப் பள்ளிகள் என்றால் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அண்மையில் நான் போயிருந்தது, மஞ்சக்குட்டைக்கு அப்பால் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளிக்கு. ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் இருந்தன. ஆசிரியர் ஒருவர்தான் அன்று இருந்தார். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காப்பிக் கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, இரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நூற்று மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கலாமா என்று கேட்டுவிட்டான். பத்தாமிடத்தில் சுழியம் இருந்ததால் எங்கே கடன் வாங்குவது என்று அவளுக்கே புரியவில்லை. ஆசிரியர் அறையின் மறுமூலையிலிருந்து அதைக் கவனித்தார். வந்து அவளுக்கு மட்டும் அதை விளக்கிவிட்டு, பையனிடம் ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். பிறகு என்னிடம், ஆள் போதவில்லை ஐயா, அதனால்தான் இப்படி ஓட்டுகிறோம் என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். மாவட்டத்திலேயே நல்ல வகுப்பறை ஒன்றை நடத்திக்கொண்டு ஒருவர் அதற்காக வருந்துகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆண்டுக்கொரு புதுத் திட்டம் என்று சலித்துக்கொள்கிறீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்திலிருந்து வந்தது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகத் தரையில் அமர்த்தி, அட்டைகளின் ஏணியில் அவரவர் வேகத்தில் ஏறவிட்டது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் கற்ற அளவைக்கொண்டு பிரித்தது. இரண்டையும் புதுமை என்றே அறிவித்தார்கள், ஆசிரியர்களும் அப்படி நம்பித்தான் முகம் சுளித்தார்கள். வயதைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்ப்பது உங்கள் ஆசானுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பாமலே தெரிந்திருந்தது.

ஆகவே வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் நிற்கும் வரிசையைக் கலைத்துவிடுங்கள். எழுபது பேரில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு அல்லது மூன்று பேரை ஒப்படையுங்கள். மிகச் சிறப்பாகக் கம்பு வீசுபவர்களைத் தேடிப் போகாதீர்கள். போன மாதம்தான் ஒரு காலடியைப் பிடித்துக்கொண்டவனே அதை மிக நன்றாகச் சொல்லிக்கொடுப்பான், அது எங்கே வழுக்கும் என்பது அவனுக்கு இன்னும் மறந்திருக்காது. நீங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து சின்னவர்களின் கால்களைப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் பெரியவர்களை அழைத்துத் திருத்துங்கள். என் மகளுக்கு நீங்கள் சொல்லித்தருவதற்காகத்தான் பணம் கட்டுகிறோம், இன்னொரு பிள்ளையா சொல்லித்தருவது என்று கேட்டுச் சில பெற்றோர் வருவார்கள். அவர்களை அடுத்த வாரம் மைதானத்துக்கு வரச்சொல்லி, அந்த மகள் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குக் காலடி சொல்லிக்கொடுப்பதை நின்று பார்க்கவிடுங்கள். அதன் பிறகும் கராத்தேயில் சேர்க்கிறோம் என்றால் சேர்க்கட்டும். எழுபது பேர் உங்களுக்கு எப்படியும் அதிகம்.

அன்புடன்